கோட்டைச்சாமியின் தலைக்குள் ஒரு நாற்றங்கால்

முந்தலில் இருந்து போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அந்த ரோட்டில் ஓடும் ஜீப்புகளில் சின்ராசின் ஜீப்புக்கு மட்டும் இரண்டு பிரேக்கு. ஒன்று சின்ராசின் காலடியில் இருக்கிறது. அது வண்டியை நிறுத்தும். இன்னொன்று நடு சீட்டில், அவருக்கு நேர் பின்னால் உட்காரும் கோட்டைச்சாமியின் காலடியில் இருக்கிறது. அங்கே பெடல் கிடையாது, வெறும் தகரம்தான். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அந்த வலது கால் தகரத்தை அழுத்தும். பதினொரு வருடம் அழுத்தியதில் அந்த இடத்தில் மட்டும் பெயிண்டு போய், உள்ளங்கால் அகலத்துக்கு வெள்ளி மாதிரி மின்னுகிறது. வண்டிச் சொந்தக்காரர் இரண்டு முறை பெயிண்டு அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கோட்டைச்சாமிக்கு நாற்பத்து நாலு வயது. சிலமலைக்காரர். மலைமேல் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற சோலி. இந்த ஜீப்பின் டிரைவராக முன்பு இருந்தவர் அவர்தான். இப்போதும் தான்தான், இடையில் கொஞ்ச நாள் சின்ராசு பார்த்துக்கொள்கிறார் என்பது அவருடைய கணக்கு.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, எஸ்டேட்டுக்குப் போகும் பதினான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறியவர், எட்டாவது வளைவில் வண்டியை நிறுத்தினார்.

"ரோடு களைச்சுப்போச்சு ஆத்தா. எல்லாரும் எறங்கி நடங்க" என்றார்.

பதினான்கு பேரும் இறங்கி நடந்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மலையில் பெண்களை ஜீப்பிலிருந்து இறக்கி நடக்கவிடப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. ரேடியேட்டர் கொதித்தால் நடக்க வேண்டும். லோடு அதிகமானால் நடக்க வேண்டும். செக்போஸ்டில் தலையை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே இறங்கி, காற்று வாங்க வந்தவர்கள் மாதிரி நடக்க வேண்டும். ரோடு களைத்துப்போனதற்கு மட்டும் நடக்க மாட்டோம் என்று சண்டை போடவா முடியும்? நான்காவது நாளும் அதே வளைவில் அதே களைப்பு வந்தபோதுதான், குருவம்மாள் என்கிற பெண் திரும்பி வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கோட்டைச்சாமி ஸ்டீரிங்கில் காதை வைத்துக்கொண்டு, யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முதலில் ஒரு கோயில். அடுத்து இன்னொரு கோயில். அங்கே முதல் கோயிலைப் பற்றிக் குறை சொன்னார்கள். அதற்கடுத்து எலுமிச்சம்பழம், தாயத்து, ராசிங்காபுரத்தில் குறி சொல்கிற ஒருவர். எல்லாம் முடிந்து, கையிலிருந்த நகையும் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை ரோடு பேசுவதை நிறுத்தியது. கூடவே கோட்டைச்சாமியையும் நிறுத்தியது. கை வீசாமல் நடந்தார். அடையாள அட்டை போட்டோவில் என்ன முகமோ, அதே முகத்தோடு வீட்டிலும் இருந்தார். டீ கிளாசைத் தூக்கினால் பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு. முன்பு கிறுக்கன் என்று சொன்ன ஊர், இப்போது "என்னமா வண்டி ஓட்டுன ஆளு" என்று உச்சுக்கொட்டியது. ஆள் நன்றாக ஓய்ந்துவிட்டான் என்று உறுதியான பிறகுதான் ஊருக்கு இரக்கம் கிளம்பும்.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டாக்டரம்மா வந்தார். மாத்திரையை மாற்றினார். மூன்று மாதத்தில் கை நடுக்கம் குறைந்தது. பதிலுக்குப் பசி வந்தது, தூக்கம் வந்தது, தொப்பை வந்தது. பழைய மாத்திரையில் கரண்டியைத் தூக்க முடியாமல் இருந்தவருக்கு, புது மாத்திரையில் கரண்டியைக் கீழே வைக்க முடியவில்லை. நடுக்கம் நின்ற கையை டாக்டரம்மாவின் மேசைமேல் விரித்து வைத்து, வண்டி ஓட்டலாமா என்று கேட்டார். ஒரு தொந்தரவும் இல்லாமல் இரண்டு வருடம் போகட்டும், அப்புறம் பேசலாம் என்றார் டாக்டரம்மா.

பேசலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்லியிருப்பார்கள். மற்ற முப்பத்தொன்பது பேரும் மறந்திருப்பார்கள். கோட்டைச்சாமி வீட்டுக்கு வந்து காலண்டரின் பின்பக்கத்தில் தேதியை எழுதி வைத்தார்.

அவர் மனைவி சுருளியம்மாள், போடியில் ஏலக்காய் சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவர். வெடித்த காய், கருத்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாம் அவர் விரலுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். கல்யாணமான புதிதில், சாயங்காலம் ஜீப்பு சிலமலைத் தெரு முனைக்கு வரும்போது மூன்று சின்ன ஆரன், ஒரு நீள ஆரன் அடிக்கும். அது ஊருக்கு அடிப்பதில்லை, தனக்கு அடிப்பது என்று சுருளியம்மாளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். தெரு நாய்க்குக்கூடத் தெரிந்து, மற்ற வண்டிக்குக் குரைக்கும், அந்த ஆரனுக்குக் குரைக்காது. சின்ராசு இப்போதும் அதே ஜீப்பை அதே முனையில்தான் நிறுத்துகிறார். ஒரே ஓர் ஆரன் அடிப்பார். சோலி முடிந்தது என்று அர்த்தம்.

புது மாத்திரை போட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தபோது, கோட்டைச்சாமியின் அக்கா மகள் பவதாரணி ஊருக்கு வந்தாள். மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். என்ன ஆராய்ச்சி என்று யார் கேட்டாலும் அவள் அம்மா, "எலிக்கு வைத்தியம் படிக்குது" என்று சொல்லி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். மதுரை ரயிலேற்றிவிட போடி ஸ்டேஷனுக்கு வந்த தாய்மாமன், பிளாட்பாரத்தில் பொழுது போகாமல், எலிக்கு என்ன வியாதி என்று கேட்டார்.

பவதாரணி சொன்னாள். எலியின் உடம்பில் வந்த ஒரு கட்டியிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்க்கிறார்களாம். அவை நரம்புச் செல் மாதிரி நடந்துகொள்ளுமாம், பக்கத்துச் செல்லைத் தொட கை நீட்டுமாம். ஒரு தட்டில் மாமா முன்பு சாப்பிட்ட மாத்திரையின் மருந்து, இன்னொன்றில் இப்போது சாப்பிடும் மாத்திரையின் மருந்து. பழைய மருந்து போட்ட தட்டில் அந்தக் கைகள் அவ்வளவாக நீளவில்லை. புது மருந்து போட்டதில் நீளநீளமாகக் கிளை விட்டிருக்கிறது.

போனில் படமும் காட்டினாள். கருப்புப் பின்னணியில் பச்சையாக, நூல்நூலாக. கோட்டைச்சாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணை அலசிவிட்டுப் பார்த்த மூன்று மாத நாற்றின் வேர் அப்படித்தான் இருக்கும்.

"அப்ப என் மண்டைக்குள்ள இது நடக்குதா தாயி?"

"இது பாதிதான் மாமா. மிச்சம் ஒண்ணு இருக்கு, போன்ல சொல்றேன்" என்று அவள் பெட்டிக்கு ஓடும்போதே ரயில் நகர ஆரம்பித்துவிட்டது.

அவள் போன் செய்யவில்லை. ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகள் யாருக்கும் போன் செய்வதில்லை. அவர்களுடைய பேராசிரியர் அவர்களுக்குச் செய்யும் போன்களுக்குப் பதில் சொல்லவே நேரம் சரியாக இருக்கும். கோட்டைச்சாமியும் கேட்கவில்லை. அவருக்குப் பாதியே போதுமானதாக இருந்தது. மீதியை அவரே போட்டு நிரப்பிக்கொண்டார், தனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து.

ஏலக்காய் விதையைப் பாத்தியில் போடுவார்கள். முளைத்ததைப் பிடுங்கி, மண் நிரப்பிய கவரில் வைப்பார்கள். மேலே பச்சை நிழல்வலை. அந்த வலைக்குக் கீழே பூவாளித் தண்ணீரில் வேர் பிடித்து, கிளைத்து, ஒன்றரை வருடத்தில் நடுவதற்குத் தயாராகும். ஆனால் வலைக்குக் கீழேயே வளர்ந்த நாற்றை நேராகக் காட்டில் கொண்டுபோய் வைத்தால் இரண்டு வெயிலுக்குத் தாங்காது. அதனால் நடுவதற்கு முன்னால், காலையில் ஒரு மணி நேரம் வலையைச் சுருட்டுவார்கள். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம். அப்புறம் அரை நாள். வெயிலுக்குப் பழக்குவது என்று பெயர். அந்த எஸ்டேட்டில் கோட்டைச்சாமி அளவுக்குப் பொறுமையாக வலை சுருட்ட ஆள் கிடையாது. அவர் பழக்கிய நாற்றில் நூற்றுக்கு இரண்டு போனாலே அதிசயம்.

இப்போது அவர் தலைக்குள்ளும் ஒரு நாற்றங்கால். பழைய மாத்திரையில் ஒன்பது வருடம் வேர் விடாமல் கிடந்தது. புது மாத்திரையில் ஒன்றரை வருடமாகக் கிளைத்திருக்கிறது. டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் ஒன்பது மாதம். அன்றைக்கு டிரைவர் சீட்டில் நட வேண்டிய நாற்றை இப்போதே வெயிலுக்குப் பழக்காமல் விட்டால் எப்படி? மாத்திரைதான் நிழல்வலை. அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்துகிறவர்கள் விவரம் கெட்டவர்கள். அவர் சுருட்டினார். வீட்டிலிருந்த பாக்குவெட்டியால் மாத்திரையைச் சரிபாதியாக நறுக்கி, பாதியை விழுங்கி, பாதியைத் திருநீற்று டப்பாவில் போட்டார். அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி.

தலைக்குள் வெயில் அடித்தது. ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்தது. தொப்பை இறங்கியது. கை, தண்ணீர்க் குடத்தைத் தளும்பாமல் தூக்கியது. ஜீப்பில் பெண்கள் கேலி பேசினால் பதிலுக்குப் பேசினார். பதினொரு வருடத்துக்கு முன்னால் எட்டாவது வளைவில் இறங்கி நடந்த கால்வலி இன்னும் போகவில்லை என்று குருவம்மாள் சொன்னபோது, அன்றைக்கு ரோடு களைத்துப்போனதே குருவம்மாளால்தான், அவர் எடை அப்படி என்றார். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. சின்ராசு கண்ணாடியில் அவரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வரும்போது கோட்டைச்சாமி சீட்டி அடித்தார். மூன்று சின்னது, ஒன்று நீளம்.

சுருளியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தார். கையைப் புளித் தண்ணீரிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் திருநீறு எடுக்க டப்பாவைத் திறந்தபோது, வெள்ளைப் பொடிக்குள் விரலுக்கு வேறு என்னவோ பட்டது. விரல் அப்படிப்பட்ட விரல். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். எல்லாம் அரை அரையாக.

கேட்டால் அவர் ஒளிக்க மாட்டார், சொல்லிவிடுவார். சொன்னால் முழு மாத்திரை போடச் சொல்ல வேண்டும். முழு மாத்திரை போட்டால், நேற்று சீட்டி அடித்துக்கொண்டு வந்த ஆள் போய்விடுவார். சுருளியம்மாள் அரைகளைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடினார். நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தார். பன்னிரண்டு நாள், தினமும் நாளைக்கு என்றே நினைத்தார்.

பதிமூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்க சின்ராசு காலி வண்டியோடு மலை ஏறினார். நாற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பதால் கோட்டைச்சாமியும் ஏறினார். முந்தல் தாண்டி, மலை ஆரம்பிக்கிற இடத்தில் சின்ராசு வண்டியை ஓரம் கட்டி, இறங்கி நின்றார்.

"ஒக்காரு மச்சான்."

"வெளையாடாத மாப்ளே."

"வண்டியில ஆளில்ல, லோடில்ல. நாலு வளைவு ஓட்டு. நாஞ் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாத."

சின்ராசு செய்தது தப்புதான். ஆனால் பதினொரு வருடம் தனக்குப் பின்னால் ஒரு கால் வெறும் தகரத்தை அழுத்தும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

கோட்டைச்சாமி உட்கார்ந்தார். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். தொப்பை இறங்கியும் பழைய கணக்குக்கு இடிக்கத்தான் செய்தது. முதல் கியரில் வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. முதல் வளைவில் ஸ்டீரிங்கை ஒடித்த விதத்தைப் பார்த்த சின்ராசு, நடு சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்ப்பது போலக் கண்ணைத் துடைத்தார். இரண்டாவது வளைவில் எதிரே ஒரு பஸ்சு. கோட்டைச்சாமி ஏறும் வண்டிக்குரிய உரிமையோடு நின்ற இடத்தில் நிற்க, பஸ்சு டிரைவர் பின்னுக்கு வாங்கி வழி விட்டார். மூன்றாவது, நான்காவது. வலது கால் பெடலை அழுத்தினால் வண்டி நிற்கிறது. விட்டால் போகிறது. காலுக்கே அது புதுச் செய்தியாக இருந்தது. நான்கு வளைவு முடிந்தும் சின்ராசு நிறுத்தச் சொல்லவில்லை.

ஐந்தாவது வளைவின் முக்கில் ரோடு பேசியது.

களைப்பாக இருக்கிறது என்று சொல்லவில்லை. திட்டவில்லை. "வந்துட்டியாப்பா" என்றது. "எத்தன வருசமாச்சு. எங்கய்யா போயிட்ட?"

இவ்வளவு வருடத்தில் அவரிடம் அப்படிக் கேட்டவர்கள் ஒருவரும் இல்லை.

கோட்டைச்சாமி வளைவை முழுசாக முடித்தார். அகலமான இடம் பார்த்து மலைப் பக்கமாக ஒதுக்கினார். இன்ஜினை அணைத்தார், கியரைப் போட்டார், கைப்பிரேக்கை இழுத்தார். இறங்கி, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தார். இதெல்லாம் செய்து முடிக்கும் வரைக்கும் ரோடு பேசிக்கொண்டே இருந்தது. அவர் பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு சாவியை நீட்டினார்.

"இந்தா மாப்ளே. ரோடு பேசுது."

சின்ராசு முதலில் சிரித்தார். நீட்டிய கையைப் பார்த்தார். அது நடுங்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"என்னாங்குது?"

"நல்லாத்தேன் பேசுது. அதுதேன் பயமா இருக்கு. வெரசா வீட்டுக்கு விடு."

வண்டி திரும்பி இறங்கியது. ஐந்து வளைவுக்கும் கோட்டைச்சாமி நடு சீட்டில் இருந்து தகரத்தை அழுத்திக்கொண்டே வந்தார்.

வீட்டில் அவர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சுருளியம்மாள் திருநீற்று டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். பன்னிரண்டு நாளாகத் தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டார். சுருளியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சீட்டி அடிச்சிக்கிட்டு வந்தீகள்ல."



திங்கள்கிழமை ஆஸ்பத்திரி. டாக்டரம்மா திட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் கோட்டைச்சாமி பாத்தி, கவர், வலை, வெயில் என்று வரிசையாக விளக்க விளக்க, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மாத்திரையைப் பாதியில் விட்ட எத்தனையோ பேர் அவரிடம் வந்திருக்கிறார்கள். மறந்துவிட்டது, பஸ்சு இல்லை, கசக்கிறது என்பார்கள். இவ்வளவு தொழில் சுத்தமாக யாரும் விட்டதில்லை.

"நாத்தக் கொண்டுபோய்க் காட்டுல நடணும், அதனால வலையைச் சுருட்டுறீங்க. சரி. உங்க தலைய எங்கய்யா நடப் போறீங்க?"

"டிரைவர் சீட்டுலதான்மா."

டாக்டரம்மா கீழே வைத்த பேனாவை எடுத்தார். பிறகு முழு மாத்திரை எழுதினார். ரோட்டின் குரல் கேட்டதுமே வண்டியை நிறுத்தி, கல் வைத்து, சாவியைக் கொடுத்ததை மருந்துச் சீட்டில் தனியாக ஒரு வரியாக எழுதினார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று கோட்டைச்சாமிக்குப் புரியவில்லை. இரண்டு வருடக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்பது மட்டும் புரிந்தது.

அந்த வாரம் பவதாரணி போன் செய்தாள். அம்மா சொல்லித் தெரிந்து, அழுகிற குரலில் பேசினாள். சொல்லாமல் விட்ட மிச்சத்தைச் சொன்னாள். மருந்தை மட்டும் போட்டால் அந்தச் செல் கை நீட்டுவதே இல்லையாம். வளர்ச்சிக்கு என்று ஒரு ஊட்டப் புரதம் இருக்கிறதாம், அதைப் போட வேண்டுமாம். அது இருக்கிற தட்டில்தான் புது மருந்து கூடுதலாகக் கிளை விட வைக்கிறதாம். அதுவும் எலிக் கட்டியின் செல். மனுசத் தலைக்குள் அப்படித்தான் நடக்கிறது என்று யாரும் இன்னும் சொல்லிவிட முடியாது. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும் மாமா என்றாள்.

கோட்டைச்சாமி நாற்றுகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டார். பூவாளியைக் கீழே வைத்தார்.

"சரி, வுடு தாயி. ஒண்ணு கேக்குறேன். கெள விட்ட பொறவு தட்டுல இருந்து மருந்த எடுத்துட்டா, அந்தக் கெள நிக்குமா, கருகுமா?"



"நாங்க எடுத்துப் பாக்கல மாமா. ரெண்டு மூணு நாள்ல படம் எடுத்து அளந்துட்டு, தட்ட எறிஞ்சிருவோம்."

"எறிஞ்சிருவீங்களா?"

"ஆமா மாமா."

"ஒரு தட்ட மட்டும் எறியாம வச்சுப் பாரேன்" என்றார். எங்கள் சாரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். கோட்டைச்சாமிக்கு அந்த மாதிரி வார்த்தை பழக்கம்தான். சரி தாயி என்று போனை வைத்தார்.

இப்போது முழு மாத்திரை. ரோடு பேசுவதில்லை. ஐந்தாவது வளைவில் மட்டும் கோட்டைச்சாமி கொஞ்சம் தலையைச் சாய்ப்பார். அது வெறும் தார் ரோடாகக் கடந்து போகும். தொப்பை திரும்பி வந்துவிட்டது. காலையில் சுருளியம்மாள் மூன்று முறை எழுப்ப வேண்டியிருக்கிறது. அவர் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிக்கும் வரைக்கும் சுருளியம்மாள் எதிரே நிற்கிறார். போட்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார். பாக்குவெட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். காலண்டரின் பின்பக்கத்தில் புதுத் தேதி ஏறியிருக்கிறது.

சின்ராசு சாவியைத் தருவதில்லை. ஆனால் போன மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், சிலமலைத் தெரு முனைக்கு வரும்போது வண்டியை மெதுவாக்கி, பின்னால் திரும்பாமலே, "எனக்குக் கை ஒழியல மச்சான், ஆரன அடி" என்றார். அவருடைய இரண்டு கையும் சும்மாதான் ஸ்டீரிங்கில் இருந்தன.

கோட்டைச்சாமி நடு சீட்டிலிருந்து எழுந்து, சின்ராசின் தோளுக்கு மேலாக எட்டி, கையை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

மூன்று சின்னது. ஒரு நீளம்.

அந்தப் பழைய நாய் செத்து வெகுகாலமாகிவிட்டதால் இப்போதுள்ள நாய்கள் குரைத்தன. சுருளியம்மாள் உலையில் போட எடுத்த அரிசியோடு வாசலுக்கு வந்து நின்றார். ஜீப்பு நின்றது. அவர் கண் முதலில் டிரைவர் கதவுக்குத்தான் போனது. கோட்டைச்சாமி நடுக் கதவு வழியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கினார்.